ஹெப்சியின் பெயரில் ஒரு லைன்

ஜூன் 9, திங்கள்

நெட் மறுபடியும் படுத்துவிட்டது. காலையில் ஒழுங்காக இருக்கிறது. மதியம் சாப்பிட்டு வந்து உட்கார்ந்தால் நத்தை மாதிரி நகர்கிறது. எட்டாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தின் நான்காவது பாடம், படங்களோடு சேர்த்துக் கனமான ஃபைல். அதை சென்னைக்கு அனுப்பிவிட்டு, பச்சைக் கோடு நகர்வதைப் பார்த்துக்கொண்டே பீர்க்கங்காய்த் துவையல் அரைத்து முடித்தேன். திரும்பி வந்து பார்த்தால் கோடு அதே இடத்தில் நிற்கிறது. துவையலில் உப்பு கூடிவிட்டது.

மோடத்தை அணைத்துப் போட்டேன். கேபிளைப் பிடுங்கி, ஊதி, மறுபடி சொருகினேன். ஒன்றும் மாறவில்லை. பிரஸ்ஸிலிருந்து போன் வந்தது. "ஆசீர் சார், வீட்டுலேர்ந்து வேலை பார்க்க முடியலேன்னா சொல்லிடுங்க. இங்கயே யாரையாவது வச்சுப் பார்த்துக்கறோம்" என்றார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள்.

ஹெப்சி இருந்தால் நான் சாப்பிட்டு முடிப்பதற்குள் சரி செய்திருப்பாள். முப்பது வருஷம் கம்ப்யூட்டர் டீச்சர். இந்த வீட்டு வயரிங் எல்லாம் அவள் கைவேலைதான். எனக்குக் கம்ப்யூட்டரில் புத்தகங்களுக்குப் பக்கம் கட்டத் தெரியும். பெட்டிக்குள் என்ன ஓடுகிறது என்று தெரியாது.

ஜூன் 11, புதன்

புதுக் கேபிள் வாங்கிப் போட்டேன். பயனில்லை. வைரஸ் இருக்கிறதா என்று தேடும் ஒன்றை ஓட விட்டேன். எதுவும் அகப்படவில்லை. நெட் கம்பெனிக்கு போன் செய்தால் ஒரு பெண்குரல், மோடத்தை அணைத்துப் போடச் சொல்லுகிறது.

வெளியே நல்ல காற்று. குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டது போல.

ஜூன் 12, வியாழன்

கம்பெனியிலிருந்து இசக்கிமுத்து என்று ஒருவர் வந்தார். எல்லா வயரையும் கழற்றிவிட்டு, தன்னுடைய கம்ப்யூட்டரை நேராக மோடத்தில் மாட்டினார். வேகம் பிய்த்துக்கொண்டு போனது.

"லைன்ல கோளாறு இல்ல சார். வீட்டுக்குள்ளதான் யாரோ இழுக்காவ."

"வீட்டுல நான் ஒருத்தன்தான்."

எல்லாவற்றையும் பழையபடி மாட்டிவிட்டு மோடத்தின் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து, என் கம்ப்யூட்டரிலேயே காட்டினார். என்னென்ன இணைந்திருக்கின்றன என்று அதில் தெரியுமாம். என் கம்ப்யூட்டர். என் போன். பிரிண்டர். அதற்குக் கீழே பச்சைப் புள்ளியோடு ஒரு பெயர்: ஹெப்சி.

"ஹெப்சிங்கது யாரு சார்?"

"என் வீட்டுக்காரி."

"அப்போ அவிய லேப்டாப்தான். கேபிள் வழியா போகுது பாருங்க. பெரிசா எதையோ அனுப்பிட்டு இருக்காவ. கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க, சரியாயிரும்."

"சரி, சொல்லுதேன்" என்றேன்.

அவருக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனார்.

ஜூன் 14, சனி

ஹெப்சி போனது நவம்பரில். அன்று வீடு நிறையக் கூட்டம். அந்த லேப்டாப்பை அதற்கப்புறம் நான் பார்க்கவில்லை. வந்தவர்களில் யாரோ எடுத்துப் போயிருக்க வேண்டும் என்று நினைத்து விட்டுவிட்டேன். துக்கத்துக்கு வந்தவர்களிடம் எப்படிக் கேட்பது?

இன்று வீடு முழுக்கத் தேடினேன். கட்டிலுக்கு அடியில், சமையலறைப் பெட்டிகளில், அவளுடைய பீரோவில். பீரோவை இத்தனை நாள் திறக்க நேரம் கிடைக்கவில்லை. சேலைகள் அடுக்கியபடியே இருக்கின்றன. லேப்டாப் இல்லை. கதவைச் சாத்திவிட்டேன். வாசனை வெளியே போய்விடும்.

மதியம் அந்தப் பெயருக்குப் பச்சை வந்தது. பொழுது சாயும்போது சாம்பல் நிறமாகிவிட்டது. நடுவில் நான் பார்க்கவேண்டிய வேலையில் இரண்டு பக்கம்தான் முடிந்தது. நெட் மெதுவாக இருப்பதால்.

ஜூன் 15, ஞாயிறு

கோயிலில், ஞாயிறு ஆராதனையில் வழக்கம்போல, கனடாவில் இருக்கும் ஜெர்வினுக்காக ஜெபித்தார்கள். வீட்டுக்காரர் எப்ராயீம் சாரின் ஒரே பையன். அவரும் லில்லி அக்காவும் மாடியில் இருக்கிறார்கள், நான் கீழே வாடகைக்கு. பையன் படிக்கப் போய் அங்கேயே வேலையில் இருக்கிறானாம். நாங்கள் இங்கே குடிவந்ததிலிருந்து அவனைப் பார்த்ததில்லை.

எனக்குத் தலைவலி. பிரசங்கத்துக்கு முன்பே எழுந்து வந்துவிட்டேன். வந்ததும் கம்ப்யூட்டரைப் போட்டேன், தலைவலிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஹெப்சி பச்சையில் இருந்தாள்.

பின் அறைக்கு மேலே நாற்காலி இழுக்கிற மாதிரி ஒரு சத்தம். மாடிக்காரர்கள் இரண்டு பேரும் கோயிலில் இருக்கிறார்கள். எலியாக இருக்கும்.

ஜூன் 17, செவ்வாய்

சென்னையிலிருந்து கடைசித் தடவையாகச் சொல்லிவிட்டார்கள். இன்று பாடம் போய்ச் சேராவிட்டால் புத்தகமே கை மாறும்.

ஏணி போட்டுப் பரணில் ஏறினேன். மோடத்திலிருந்து போகிற கேபிள் அங்கேதான் போகிறது. பழைய பாத்திரங்களுக்குப் பின்னால் ஒரு சின்னப் பெட்டி, ஒரே லைனைப் பல லைனாகப் பிரிக்கிற ஹப். அதிலிருந்து ஒரு வயர் என் கம்ப்யூட்டருக்கு இறங்குகிறது. இன்னொன்று சுவரில் ஒரு ஓட்டைக்குள் போகிறது. எங்கே என்று தெரியவில்லை.

அந்த இரண்டாவது வயரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் ஏணியிலேயே நின்றேன். பிறகு பிடுங்கிவிட்டேன்.

காப்பித் தம்ளரைக் கழுவி வைப்பதற்குள் பாடம் முழுவதும் போய்விட்டது. பிரஸ்ஸில் சந்தோஷம். கோளாறு கண்டுபிடிக்கப்பட்டு சரி செய்யப்பட்டது.

பெயர் சாம்பல் நிறத்தில் இருக்கிறது. சாப்பிடத் தோன்றவில்லை.

ஜூன் 18, புதன்

நெட் நல்ல வேகம். எழுத வேறொன்றும் இல்லை.

ஜூன் 19, வியாழன்

காலையில் அந்த வயரை மறுபடி சொருகினேன். அதுதான் காரணமா என்று உறுதி செய்துகொள்ள வேண்டுமல்லவா, அதற்காகத்தான்.

ஏணியிலிருந்து இறங்குவதற்குள் கூடத்தில் பிரிண்டர் விழித்துக்கொண்டது. நான் எதையும் அனுப்பவில்லை. அதன் சின்னத் திரையில் அனுப்புகிறவர் பெயர் ஓடியது: ஹெப்சி. ஒரு தாள் வந்தது. இன்னொன்று வந்தது. தட்டில் இருந்த தாள் தீரும்வரை வந்துகொண்டே இருந்தது. எல்லாவற்றிலும் ஒரே வரி.

லைனை எடுத்துடாதீங்க. ப்ளீஸ்.

தரையில் உட்கார்ந்து பொறுக்கி அடுக்கினேன். பிறகு கடைக்குப் போய் ஒரு கட்டுத் தாள் வாங்கி வந்து தட்டை நிரப்பினேன்.

ஜூன் 20, வெள்ளி

விடுப்பு சொல்லிவிட்டேன். காய்ச்சல் என்று.

பிரிண்டருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். மதியம் பெயர் பச்சையானது. ஒரு கேள்வி கேட்டேன், வாய்விட்டுத்தான். பதில் வரவில்லை. வராது என்று எனக்குத் தெரியும், நான் ஒன்றும் பைத்தியக்காரன் இல்லை. இருந்தாலும் எதிரில் இன்னொரு நாற்காலி போட்டு வைத்தேன்.

சாயங்காலம் அந்தத் தாள்களில் ஒன்றை எடுத்துத் திரும்பத் திரும்பப் படித்தேன். 'ப்ளீஸ்'. இருபத்தெட்டு வருஷத்தில் ஹெப்சி என்னிடம் ஒரு தடவைகூட ப்ளீஸ் சொன்னதில்லை. "வாய மூடிட்டு அங்க போய் உக்காருங்க, நான் பாத்துக்கிடுதேன்" என்பாள்.

இதை எழுதியது அவள் இல்லை.

ஜூன் 21, சனி

வயரைப் பின்தொடர்ந்து போனேன். பரண் ஓட்டை வழியாக அது வெளியே போய், பின் அறைக்கும் குளியலறைக்கும் நடுவில் தண்ணீர்க் குழாய்கள் ஏறுகிற குறுகலான சந்தில் ஏறுகிறது. குழாயோடு சேர்த்து அழகாக டேப் சுற்றியிருக்கிறது. மேலே போய் மாடியின் பின் அறை ஜன்னலுக்குள் நுழைகிறது.

எனக்கு வந்த கோபம் இன்னதென்று சொல்ல முடியாது. செத்தவளின் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய், என் லைனிலேயே மாட்டி, அவள் பெயரிலேயே எனக்குத் தாள் அனுப்புகிறார்கள்!

நேராக மாடிக்குப் போனேன். எப்ராயீம் சார் முன் அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"சார், உங்க பின்னால ரூமுக்கு என் வீட்டுலருந்து ஒரு வயர் வருது. ஹெப்சி லேப்டாப்பும் அங்கதான் இருக்கு. யாரு எடுத்தா?"

"என்ன சொல்லுதீய ஆசீர்?"

"நெட்டு வயரு சார். அந்த ரூம்ல யாரு இருக்கா?"

அவர் முகம் வெளுத்துவிட்டது. பேப்பரை மடித்து வைத்தார்.  லில்லி அக்கா சமையலறை வாசலில் வந்து நின்று, வேண்டாம் என்பது போல என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்கள்.

"நீங்க கீழ போங்க. நான் பாத்துக்கிடுதேன்" என்றார் சார்.

நான் படி இறங்கி முடிப்பதற்குள் மேலே கதவு இடிபடும் சத்தம். சாரின் கூச்சல். அதற்கு மேல் ஒரு இளம் ஆண்குரல், "அப்பா வேண்டாம், அப்பா வேண்டாம்" என்று. அப்புறம் ஏதோ சுவரில் மோதி உடைந்தது.

ஜூன் 22, ஞாயிறு

மாடியிலிருந்து யாரும் கோயிலுக்கு வரவில்லை. கனடாவுக்கான ஜெபம் மட்டும் நடந்தது.

நெட் நல்ல வேகம்.

ஜூன் 23, திங்கள்

எப்ராயீம் சார் பென்ஷன் ஆபீசுக்குப் போயிருந்த சமயம் லில்லி அக்கா இறங்கி வந்தார்கள். உட்காரச் சொன்னேன். எதிர் நாற்காலியில் உட்காராமல் கீழேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

"ஜெர்வின் கனடால இல்ல தம்பி. போன வருஷத்துக்கு முந்தின வருஷமே வந்துட்டான். அங்க அவனுக்கு மனசு சரியில்லாமப் போச்சு. யாரோ பேசுத மாதிரி இருக்குன்னு ரோட்டுல நின்னு அழுதிருக்கான். ஏர்போர்ட்லருந்து ராவோடு ராவா கூட்டிட்டு வந்தோம். ஊருக்குத் தெரிஞ்சா மானம் போயிரும்னு இவிய சொல்லிட்டாவ. டாக்டர்கிட்ட போனா பைத்தியம்னு முத்திரை குத்திருவாங்கன்னுட்டாவ. ஜெபத்துலயே சரியாயிரும்னாவ. போனையும் வாங்கி வச்சுக்கிட்டாவ."

"ஹெப்சிக்கு எப்படித் தெரியும்?"

"அவ கீமோ போட்டுட்டு வந்து பின்னால ரூம்லதான படுத்துக் கிடப்பா. ஒரு நாளு வாந்தி எடுத்துட்டு இருந்திருக்கா. இவன் மேலருந்து ஜன்னல் வழியா, 'ஆன்ட்டி, யாரும் இல்லையா, அம்மாவ அனுப்பவா'ன்னு கேட்டிருக்கான். அப்படித்தான் பேச ஆரம்பிச்சாங்க. அவளும் சொந்தமா பிள்ளை இல்லாதவ."

எனக்கு அப்போது ஆபீஸ் இருந்தது. காலையில் போனால் சாயங்காலம்தான் வருவேன்.

ஹெப்சிதான் அவனுக்கு ஒரு டாக்டரம்மாவைத் தேடிப் பிடித்திருக்கிறாள், வேலூரில். லைன் இழுத்துக் கொடுத்ததும் அவள்தான்; வாரம் ஒரு தடவை லில்லி அக்கா அவள் லேப்டாப்பை மேலே கொண்டுபோய்க் கொடுக்க, வீடியோவில் பேசுவார்கள். மருந்துச் சீட்டும் அதிலேயே வரும், லில்லி அக்கா மார்க்கெட்டுக்குப் போகிற சாக்கில் வாங்கி வருவார்கள். குரல்கள் நின்று, தூக்கம் வந்து, அவன் தேறியிருக்கிறான். கட்டடங்களுக்குப் படம் போடும் வேலையும் கொச்சியில் ஒரு கம்பெனியில் கிடைத்திருக்கிறது. என் லைனை இழுத்தது அந்தப் படங்கள்தான். சார் மதியம் தூங்கும்போது அனுப்புவானாம். லைன் நின்ற இரண்டு நாளும் அவன் திரும்பத் திரும்ப அனுப்பியதுதான் அந்தத் தாள்கள், லைன் வந்ததும் மொத்தமாக வந்திருக்கின்றன.

"லேப்டாப்ப நான்தான் எடுத்துட்டுப் போனேன் தம்பி. அவதான் சொல்லியிருந்தா, நான் போயிட்டாலும் லைன் இருக்கணும்னு."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அக்கா."

"நீங்க நேரா சாருகிட்ட போய்க் கேட்டுருவீயன்னு பயந்தா."

"இப்ப எப்படி இருக்கான்?" என்றேன்.

"சனிக்கிழமையிலருந்து உள்தாழ்ப்பாள் போட்டுட்டுக் கிடக்கான். மாத்திரை போடல, சோறு தொடல. லேப்டாப்ப இவிய உடைச்சுட்டாவ. நேத்துலருந்து மறுபடி தனியா பேசுத சத்தம் கேக்குது தம்பி." 

ஜூன் 24, செவ்வாய்

காலையில் மாடிக்குப் போனேன். எப்ராயீம் சார் வழியை மறித்து நின்றார்.

"இது எங்க வீட்டு விஷயம் ஆசீர்."

"என் வீட்டு விஷயமும்தான் சார்" என்றேன். எப்படி வந்தது அந்தப் பேச்சு என்று தெரியவில்லை. அவர் விலகவில்லை, ஆனால் நான் பக்கவாட்டில் நுழைந்து போனபோது தடுக்கவும் இல்லை.

பின் அறைக் கதவைத் தட்டினேன். "ஜெர்வின், நான் கீழ்வீட்டு ஆசீர். ஹெப்சி வீட்டுக்காரர்."

உள்ளே ஒரு முணுமுணுப்பு ஓடிக்கொண்டிருந்தது. அது நின்றது.

"வயரப் பிடுங்கினது நான்தான்ப்பா. தெரியாமப் பண்ணிட்டேன். உங்க அப்பாட்ட சொன்னதும் நான்தான். லைன் திரும்பப் போட்டாச்சு. என் கம்ப்யூட்டர எடுத்துக்கோ. கதவத் திற."

 கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்தேன். லில்லி அக்கா ஒரு தட்டில் இட்லி கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்கள். இட்லி ஆறிவிட்டது. கடைசியில், கதவுக்கு மிக அருகிலிருந்து, அவனும் அந்தப் பக்கம் தரையில்தான் உட்கார்ந்திருக்க வேண்டும், குரல் வந்தது.

"அங்கிள், ஆன்ட்டி உங்ககிட்ட பேசுறாங்களா?"

"இல்லப்பா."

"எனக்கு ஞாயித்துக்கிழமையிலருந்து கேக்குது. அது நிஜம் இல்லன்னு தெரியும். டாக்டர் சொல்லியிருக்காங்க. ஆனா கேக்குது."

"எனக்கும் கேக்கணும்னு நான் பிரிண்டர் பக்கத்துல நாற்காலி போட்டு உக்காந்திருந்தேன்" என்றேன். இதை யாரிடமும் சொல்வேன் என்று நினைக்கவில்லை.

உள்ளே ஒரு சின்னச் சத்தம். சிரிப்பா அழுகையா தெரியவில்லை.

"அங்கிள், அன்னைக்கு மதியம் நான் ஆன்ட்டிகூட இருந்தேன்."

கதவில் காதை ஒட்டி வைத்தேன். அவனே சொன்னான்.

"மூச்சு விட முடியலன்னு ஜன்னல் வழியா கூப்பிட்டாங்க. அம்மா கடைக்குப் போயிருந்தாங்க, அப்பா முன்வாசலப் பூட்டிட்டு வெளிய போயிருந்தாங்க. என்னால இறங்க முடியல. கத்தினேன், யாருக்கும் கேக்கல. ஆன்ட்டிதான், 'கத்தாதலே, பேசிக்கிட்டு இரு'ன்னாங்க. கனடால பனி எப்படி விழும்னு கேட்டாங்க. சத்தமே இல்லாம விழும் ஆன்ட்டின்னேன். காலைல ஜன்னலத் திறந்தா ரோடு, காரு, மரம் எல்லாம் வெள்ளையா, யாரும் மிதிக்காம இருக்கும்னு சொன்னேன். 'அப்புறம்'ன்னாங்க. சொன்னேன். 'அப்புறம்'ன்னாங்க. அப்புறம் கேக்கல. நான் நிறுத்தல அங்கிள். அம்மா வந்து கீழ ஓடுற வரைக்கும் சொல்லிக்கிட்டேதான் இருந்தேன்."

எனக்கு அன்று லில்லி அக்காதான் போன் செய்தார்கள். சூப் கொடுக்க வந்து பார்த்தேன் என்றார்கள். தனியாகக் கிடந்து போய்விட்டாள் என்றுதான் இத்தனை மாதமும்.

தாழ்ப்பாள் விலகியது. ஒல்லியாக, தாடியோடு, கண்கள் வீங்கி ஒருவன் நின்றான். ஆறிய இட்லியில் பாதியைத் தின்றான். மீதியை நான் தின்றேன்.

படியிறங்கும்போது நடுவில் உட்கார்ந்துகொண்டேன். 

ஜூன் 26, வியாழன்

என் கம்ப்யூட்டரை மாடிக்கு ஏற்றினோம். டாக்டரம்மா திரையில் வந்தார். ஜெர்வினோடு பேசிவிட்டு, மாத்திரை விட்டுப்போனதால் நேரில் யாராவது பார்த்தே ஆகவேண்டும், பாளையங்கோட்டையிலேயே நல்ல டாக்டர் இருக்கிறார் என்றார். "அப்பாவும் கூட வந்தா நல்லது" என்றார்.

எப்ராயீம் சார் கதவுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே வரவில்லை.

இந்த வாரப் பாடம் போகவில்லை. பிரஸ்ஸுக்குச் சொல்லிவிட்டேன், வீட்டில் உடம்பு சரியில்லை என்று. யாருக்கு என்று கேட்டார்கள். பையனுக்கு என்றேன்.

ஜூன் 29, ஞாயிறு

சாயங்காலம் எப்ராயீம் சார் கீழே வந்தார். உட்காரவில்லை.

"நான் அவன அடைச்சு வைக்கணும்னு நெனைக்கல ஆசீர். ஊரே கனடா கனடான்னு கேட்டுது. முதல்ல ஒரு தடவ ஆமான்னு சொன்னேன். அப்புறம் எப்படி நிறுத்துததுன்னு தெரியல."

"நிறுத்திருங்க சார்."

"எப்படி?"

 காப்பி போட்டுக் கொடுத்தேன்.

ஜூலை 2, புதன்

இன்று ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். ஜெர்வின் முகம் மழித்திருந்தான். சாரின் வெள்ளைச் சட்டை, தோளில் தொங்கியது. படியில் ஒவ்வொன்றாகக் காலை வைத்து இறங்கினான். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டான். லில்லி அக்கா அவன் கையைப் பிடித்திருந்தார்கள். எப்ராயீம் சார் நான்கு படி பின்னால் வந்தார்.

ஆட்டோ கேட்டுக்கு வெளியே நின்றது. எதிர்வீட்டு ஸ்டீபன் வாத்தியார் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவர், குழாயைக் கீழே போட்டுவிட்டு வந்தார். கோயில் கமிட்டியில் இருப்பவர். அவருக்குத் தெரிந்தால் தெருவுக்குத் தெரிந்த மாதிரி.

"என்ன எப்ராயீம், வீட்டுக்கு விருந்தாளியா? யாரு தம்பி?"

லில்லி அக்கா என்னைப் பார்த்தார்கள். ஜெர்வின் தரையைப் பார்த்தான். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். என்ன சொல்லியிருப்பேனோ.

"என் மகன். ஜெர்வின்" என்றார் சார்.

"அட! கனடாலருந்து எப்ப வந்தான்? சொல்லவே இல்லையே!"

 ஆட்டோ டிரைவர் ஒருதடவை ஹாரன் அடித்தார்.

"அவன் இங்கதான் இருந்தான். உடம்பு சரியில்லாம இருந்தான். நாங்கதான் மறைச்சுட்டோம். இப்ப ஆஸ்பத்திரிக்குப் போறோம்" என்றார் சார்.

ஸ்டீபன் வாத்தியார் ஈரக் கையை வேட்டியில் துடைத்தார். அப்புறம், "சரி... பாத்துப் போயிட்டு வாங்க" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை.

ஜெர்வின் ஏறினான், லில்லி அக்கா ஏறினார்கள். சார் ஆட்டோ கம்பியைப் பிடித்தபடி வெளியே நின்றார்.  உள்ளே ஏறுவதா வேண்டாமா என்று தெரியாதவர் போல மகன் முகத்தைப் பார்த்தார்.

ஜெர்வின் அம்மா பக்கம் நகர்ந்து இடம் விட்டான்.

நான் டிரைவர் பக்கத்தில் ஏறிக்கொண்டேன்.